தாம் பருகாத தண்ணீர்
தீரர் சத்தியமூர்த்தியும் பூண்டி நீர்த்தேக்கமும்

குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்பது நம் தலைமுறைக்குச் சூரியன் கிழக்கில் உதிப்பதைப் போன்ற ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்ட நாள்களும் உண்டு. 1998ஆம் ஆண்டில் எல் நினோ வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அடுக்குமாடி வீடுகளில் வாளிகளும் தொட்டிகளும் வரிசை பிடித்து நின்றன. அதற்கு முன்னர், 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்கா மக்கள் தவித்தனர். சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டுப் பங்கீட்டை நம் தாத்தா பாட்டிமார் இன்றும் கதையாகச் சொல்வார்கள். ஒரு நகரத்தின் தாகத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து ஏற்பாடு செய்வது யார் வேலை? பொறியாளரின் வேலை என்று சொல்லி ஒதுங்கிவிடலாமா?

இக்கேள்விக்கு விடை தேடும்போது நினைவுக்கு வருபவர், நாம் பெரும்பாலும் மேடைப் பேச்சாளராகவும் விடுதலைப் போராட்ட வீரராகவும் மட்டுமே அறிந்து வைத்திருக்கும் ஒருவர். காமராசரின் அரசியல் குரு என்று பள்ளிப் பாடங்களில் ஒரு வரியோடு கடந்து செல்லும் தீரர் சத்தியமூர்த்திதான் அவர். பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர், தம் வாழ்நாளில் செய்த நிலைத்த செயல் ஓர் ஏரியாக நிற்பது வியப்புக்குரியது அல்லவா?

திருமயத்திலிருந்து சென்னைக்கு

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். அவருடைய தந்தையார் சுந்தர சாஸ்திரியார் ஒரு வழக்கறிஞர். இளமையிலேயே தந்தையை இழந்ததால், தாயையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு மூத்தவரான அவர் தோளில் விழுந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், சட்டக் கல்வியை முடித்து வழக்கறிஞரானார்.

திருமயம் வறண்ட பூமி. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் பேராறு கிடையாது. மழைக்காலத்தில் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேங்கும் நீரே கோடைக்கு ஆதாரம். மழை பெய்யும்போது பிடித்து வைக்காவிட்டால் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டியதுதான் என்பது அவ்வட்டாரப் பிள்ளைகள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியன்று.

நாட்டு விடுதலை வேட்கை அவரை நீதிமன்றத்திலிருந்து பொதுவாழ்வுக்கு இழுத்தது. 1919ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற காங்கிரஸ் தூதுக்குழுவில் அவரும் இடம்பெற்றார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் சுயராஜ்யக் கட்சியின் உறுப்பினராக நுழைந்தார். 1930ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலின் மீது தேசியக் கொடியை ஏற்ற முயன்று கைதானார். 1934இல் மத்தியச் சட்டமன்றத்துக்குத் தேர்வு பெற்று அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராகத் திகழ்ந்தார். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருசேர அவையைக் கட்டிப்போடும் நாவன்மை அவருக்கு இருந்தது. தீரர் என்ற அடைமொழியை மக்கள் அவருக்கு அளித்தனர்.

கலையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் அவர் நாடகங்களில் நடித்திருக்கிறார். திரைப்படம் என்றாலே முகம் சுளித்த காலத்தில் அத்துறையினருக்குத் துணை நின்றார்.

அவரைப் போற்றும் நாம் அவருடைய மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் முனைந்தபோது, அதனை எதிர்த்து நின்றவர் சத்தியமூர்த்தி. காலம் அவ்வம்மையாரின் பக்கமே தீர்ப்பளித்தது. 1947ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எல்லாவற்றிலும் சரியாக இருந்த மனிதர் என்று எவரையும் நாம் தேட வேண்டியதில்லை. ஒன்றில் பிழைபட்டவர் இன்னொன்றில் நமக்கு வழிகாட்டலாம்.

கைக்கு வராத பதவியும் கைக்கு வந்த பதவியும்

1937ஆம் ஆண்டுத் தேர்தல் சத்தியமூர்த்தியின் வாழ்வில் ஒரு திருப்புமுனை. அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் அவரே. மாகாணம் முழுவதும் சுற்றிச் சுழன்று பிரசாரம் செய்தார். மொத்தமுள்ள 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. வெற்றிக்கு உழைத்தவருக்கே முதன்மைப் பதவி என்று பலரும் எண்ணியிருந்தனர். ஆனால், ராஜாஜி பிரதமர் ஆனார். மாகாண முதலமைச்சரை அந்நாளில் பிரதமர் என்றே அழைப்பர். சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடம் இல்லை.

இத்தகைய ஏமாற்றத்திற்குப் பின் கட்சியை உடைத்தவர்களும் உண்டு. வாழ்நாள் முழுதும் கசப்போடு வாழ்ந்தவர்களும் உண்டு. சத்தியமூர்த்தி கட்சியிலேயே இருந்து பணியைத் தொடர்ந்தார். 1939ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் மேயர் பொறுப்பு அவரிடம் வந்தது.

மேயர் பதவியின் எல்லைகளை நாம் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். பதவிக் காலம் ஓராண்டுதான். அன்றாட நிருவாக அதிகாரம் அரசு நியமித்த ஆணையரின் கையில் இருந்தது. ரிப்பன் மாளிகையில் அமர்ந்து அங்கி அணிந்து அவையை நடத்துவதும், வரவேற்பு விழாக்களில் தலைமை ஏற்பதும் மேயருக்கு உரியவை. ஓராண்டை இப்படியே கழித்துவிட்டுப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

தாகத்தில் ஒரு நகரம்

அன்றைய சென்னையின் நிலை என்ன? உலகின் பெருநகரங்கள் பலவும் வற்றாத ஆற்றங்கரையில் எழுந்தவை. சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருக்கெடுப்பவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக்கு 1772ஆம் ஆண்டில் ஏழு கிணறுகளிலிருந்து நீர் கொண்டு வரப்பட்டது. நகர மக்களுக்கான முறையான திட்டம் 1872ஆம் ஆண்டில்தான் உருவானது. நகருக்கு வடமேற்கே செங்குன்றத்தில் உள்ள புழல் ஏரியிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வந்தது. அந்நீரை மணல் படுகையில் வடிகட்டிச் சுத்திகரிக்கும் வசதி கீழ்ப்பாக்கத்தில் 1914ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது.

ஏரி வளரவில்லை, நகரம் வளர்ந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1941இல் ஏறத்தாழ 7.8 லட்சமாக உயர்ந்தது. பத்தாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிவிட்டனர். புழலும் அதற்கு நீர் அனுப்பும் சோழவரமும் அவர்களின் தாகத்திற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் நகரம் தவித்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைவான அளவே அல்ல. ஆனால், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்போது நகருக்கு வடக்கே ஓடும் கொசஸ்தலை ஆறு இரு கரையும் புரண்டு ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும். நான்கு மாதம் கழித்து அதே ஊரில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஆக, சென்னைக்கு இருந்த குறை மழைக்குறை மட்டுமன்று; வந்த மழையை வைத்துக்கொள்ளும் பாத்திரக்குறை.

அந்தப் பாத்திரம்தான் பூண்டி. சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூருக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணை எழுப்புவது. வெள்ளம் கடலுக்குப் போகுமுன் பிடித்து வைப்பது. தேவைப்படும்போது ஆற்றின் வழியே திறந்துவிட்டுத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிச் சோழவரத்திற்கும் புழலுக்கும் அனுப்புவது. இதுவே திட்டம். புழல் நகரத்தின் சமையலறைக் குடம் என்றால் பூண்டி அதன் நெற்களஞ்சியம் போன்றது. மழை நல்கிய ஆண்டில் சேர்த்து வைத்து, பொய்த்த ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம்.

போரும் அணையும்

அணை எப்படிக் கட்டுவது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால், கட்டலாம் என்ற முடிவைப் பொறியாளர் எடுக்க முடியாது. அதற்குப் பணம் வேண்டும், அரசின் ஒப்புதல் வேண்டும், இவ்விரண்டையும் விடாப்பிடியாகக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கேட்பதற்கு அதைவிடக் கெட்ட காலம் அமைந்திருக்க முடியாது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியர்களைக் கேளாமலேயே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜி அமைச்சரவையும் விலகியது. ஆட்சி முழுவதும் ஆளுநரின் கைக்குச் சென்றது. இரும்பும் சிமெண்டும் பணமும் போருக்கே முதலில் என்ற நிலையில், ஒரு நகராட்சி ஏரிக்காகச் செலவிட அரசு தயங்கியது.

சத்தியமூர்த்தியின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். எந்த ஆட்சியை வெளியேறச் சொல்லி வாழ்நாள் முழுவதும் மேடையில் முழங்கினாரோ, அந்த ஆட்சியின் கதவைத் தட்டித் தண்ணீருக்காகப் பேச வேண்டும். அவருடைய கட்சியோ அரசிடமிருந்து ஒதுங்கி நிற்கிறது. அரசோடு பேசினால் சொந்தக் கட்சியினரே ஐயுறக்கூடும். பேசாமலிருந்தால் கட்சி மானம் காப்பாற்றப்படும். நகரம் தாகத்தில் கிடக்கும்.

அவர் பேசினார். நகரத்தின் தாகம் போர் முடியும் வரை பொறுக்காது என்பதை விடாமல் வலியுறுத்தினார். ஆட்சியாளர்களை எதிர்ப்பதில் காட்டிய அதே நாவன்மையை அவர்களை இணங்க வைப்பதிலும் காட்டினார். பதவிக் காலமாகிய ஓராண்டு முடிவதற்குள் காரியம் கைகூடியது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். திட்டத்தின் செலவு ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை.

ஓர் அணை எழும்போது யாரோ சிலர் இடம்பெயர வேண்டியிருக்கிறது என்பதையும் பதிவு செய்யத்தான் வேண்டும். சுந்தரர் பார்வையிழந்து வந்தபோது இறைவன் ஊன்றுகோல் அளித்ததாகச் சொல்லப்படும் திருவெண்பாக்கம் என்னும் தேவாரத் தலம் இந்நீர்த்தேக்கப் பகுதியில்தான் இருந்தது. அக்கோவில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டுப் பூண்டியில் மீண்டும் எழுப்பப்பட்டது. சென்னைவாசி ஒருவர் குடிக்கும் குவளை நீரில், தம் மண்ணை விட்டுக்கொடுத்த முகம் தெரியாத சிற்றூர் மக்களின் பங்கும் கலந்திருக்கிறது.

தாம் காணாத ஏரி

1940இல் காமராசர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானார். தலைவராக இருந்த சத்தியமூர்த்தி, தம் சீடரின் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார். பதவியைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் தொடங்கியது. சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டு நெடுந்தொலைவில் உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஏற்கெனவே நலிந்திருந்த உடல் அந்தப் பயணத்தையும் சிறைவாசத்தையும் தாங்கவில்லை. முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 55.

அடிக்கல் நாட்டப்பட்ட அணை 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அவர் இறந்து ஓராண்டும் சில மாதங்களும் ஆகியிருந்தன. நிரம்பிய பூண்டியை அவர் பார்க்கவில்லை. அதன் நீரில் ஒரு வாய்கூட அவர் பருகவில்லை. நாடு விடுதலை பெற்றதையும் அவர் காணவில்லை. பின்னாளில் அந்நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே தாங்கிக்கொண்டது. தமிழ்நாடு காங்கிரஸின் தலைமையகமும் சத்தியமூர்த்தி பவன் என்று வழங்கலாயிற்று.

ஏரிக்குப் பின்

பூண்டியோடு சென்னையின் தாகம் தீர்ந்துவிட்டதா? இல்லை. இந்த இடத்தில்தான் நாம் ஆழ்ந்து படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

பூண்டியின் இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 9,150 கோடி. புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,000 மில்லியன் கன அடிக்கும் மேல். ஆனால், இந்நான்கும் பெருமளவு நம்பியிருப்பது ஒரே வடகிழக்குப் பருவமழையை. அது பொய்த்தால் நான்கும் சேர்ந்தே வறளும். நான்கு உண்டியல் வைத்திருந்தாலும் நான்கிலும் காசு போடுபவர் ஒருவரே என்றால், அவர் கை முடங்கும்போது நான்கும் காலியாகத்தானே இருக்கும்?

பின்வந்தவர்கள் இதை உணர்ந்தனர். மேற்கே தென்மேற்குப் பருவமழையில் பெருகும் கிருஷ்ணா ஆற்று நீரைச் சென்னைக்குத் தர 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் இசைந்தன. 1983இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டில் கிருஷ்ணா நீர் முதன்முதலாகக் கால்வாய் வழியே வந்து சேர்ந்த இடம் பூண்டி. உள்ளூர் வெள்ளத்தைப் பிடிக்கக் கட்டிய பாத்திரம், அரை நூற்றாண்டு கழித்து வெளியூர் நீரை ஏந்திக்கொள்ளவும் பயன்பட்டது. 2003ஆம் ஆண்டில் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. 2004இல் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழி நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மழையே பெய்யாவிட்டாலும் கடல் வற்றாது அல்லவா?

இவ்வளவுக்குப் பிறகும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வரப்பட்டது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. வெள்ளமும் வறட்சியும் பகைவர்கள் அல்லர், உடன்பிறப்புகள். ஒன்று வந்திருக்கும்போதே மற்றொன்றுக்கு ஏற்பாடு செய்யாதவர்கள் இரண்டிலும் துன்புறுவார்கள். வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் பார்த்து வறட்சியை நினைத்ததுதான் பூண்டித் திட்டத்தின் சிறப்பு.

நமக்கு என்ன?

மழை பெய்யத் தொடங்கியதும் வறட்சியை மறந்துவிடுவது மனித இயல்பு. பங்கீடு நீங்கியதும் வாளிகள் பரணுக்குப் போய்விடுகின்றன. வறட்சிக்கான திட்டம் வறட்சியில் தீட்டப்பட்டால் அது லாரியாகவும் ரயிலாகவும்தான் முடியும். ஏரியாக முடிய வேண்டுமானால், அது சில ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் நம் தமிழ்ச் சங்கச் செயலவையின் ஆயுளும் ஓராண்டுதான். முதல் சில மாதங்கள் பழகிக்கொள்வதில் போகும். கடைசி சில மாதங்கள் தேர்வில் போகும். இடையில் என்ன செய்துவிட முடியும் என்று நாமே பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறோம். விழா நடத்திக் கைத்தட்டல் வாங்கினால் போதும் என்று நினைப்பதும் உண்டு. நூலகத்துக்கு ஒரு தமிழ்ப் பகுதி, இளையோருக்கு ஓர் உதவி நிதி, பின்வருவோர்க்கு ஒழுங்கான ஓர் ஆவணக் காப்பு என்று நெடுங்காலப் பணிகளைத் தொடங்கினால், அவை முடிவதற்குள் நாம் பட்டம் பெற்று வெளியேறிவிடுவோம். பெயரும் வேறு யாருக்கோ போய்ச் சேரலாம்.

விரும்பிய பதவி கிடைக்காமல், அதிகாரம் குறைந்த பதவியில், ஓராண்டுக் காலத்தில், போர் மூண்ட வேளையில், எதிரணியில் இருந்த ஆட்சியோடு பேசி, தாம் பார்க்கப் போகாத ஏரிக்கு வழி செய்துவிட்டுப் போனார் ஒருவர். நம் தயக்கங்களை அவருடைய தடைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இந்த ஆண்டு நம் கையில் இருக்கும் சிறு பொறுப்பை வைத்துக்கொண்டு, அடுத்து வருவோரின் தாகத்திற்கு நாம் எங்கே அடிக்கல் நாட்டப் போகிறோம்?